சிஸ்டர் கேட்ட ஜெராக்ஸ்

உட்காருங்கள் தம்பி, அந்த இடம் காலிதான். பையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் டோக்கன் எத்தனை? நாற்பத்தேழா. அதற்கு இன்னும் நேரமிருக்கிறது. இப்போது முப்பத்தொன்றுதான் உள்ளே போயிருக்கிறது. போய் இருபது நிமிடமாகிறது. அந்த முப்பத்தொன்று என் அம்மா.

உங்கள் அம்மா அந்தப் பெண்கள் பெஞ்சில் இருக்கிறார்கள் இல்லையா? சீட்டுப் போடுகிற இடத்தில் உங்களைப் பார்த்தேன். அந்தப் பெண் உங்கள் அம்மாவிடம் வயது கேட்டாள், நீங்கள் சொன்னீர்கள். என்ன செய்கிறது என்று கேட்டாள், அதையும் நீங்களே சொன்னீர்கள். தப்பென்று சொல்லவில்லை. நானும் அப்படித்தான். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனால் ஒரு நிமிடம்கூட அகலமாட்டேன். பிள்ளை என்றால் அப்படித்தானே இருக்கவேண்டும்? இப்போது பாருங்கள், நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், அவள் உள்ளே இருக்கிறாள். இருபது நிமிடமாக உள்ளே என்ன பேச்சு என்று எனக்குப் புரியவில்லை.

என் பெயர் தர்மலிங்கம். அருப்புக்கோட்டையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறேன். இருபத்தெட்டு வருடமாயிற்று. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கட்சிக்காரரை உள்ளே அழைத்துப்போகும் முன்பே சொல்லிவிடுவோம், “நீங்க வாயத் தொறக்காதீங்க, அவரு எது கேட்டாலும் என்னையப் பாருங்க” என்று. இல்லாவிட்டால் எதையாவது உளறிவிடுவார்கள். தம்பிக்குச் சம்மதமில்லை என்பார்கள், கிணறு பொதுக் கிணறு என்பார்கள். எழுதின பத்திரம் அப்படியே நின்றுபோகும். அதனால் நான்தான் பேசுவேன். எத்தனை ஆயிரம் பேருக்காகப் பேசியிருப்பேன். சம்மதமா என்று கேட்டால் மட்டும் தலையாட்டச் சொல்வேன்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். போன மாசியில் ஆரம்பித்தது. அவளுக்கு எழுபத்தாறு வயது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கம்பளி கேட்டாள். மாசி வெயிலில் கம்பளி. தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது. பல் கிட்டுகிறது, கட்டிலே ஆடுகிறது. நூற்று மூன்று. எங்கள் தெரு டாக்டர் டைபாய்டாக இருக்கும் என்று ஐந்து நாள் ஊசி போட்டார். விட்டுவிட்டது. சரி, முடிந்தது என்று இருந்தோம். பதினெட்டாம் நாள் மறுபடியும் கம்பளி. மறுபடியும் ஊசி. விட்டது. இருபத்திரண்டாம் நாள் மறுபடியும்.

ஏழு மாதம் தம்பி. மாசியிலிருந்து ஆவணி வரை. வரும், மருந்து கொடுத்தால் போகும், நாம் நிம்மதியாக மூச்சுவிடும்போது திரும்பி வரும். இரண்டு மூன்று டாக்டர் மாற்றிவிட்டோம். மலேரியா இல்லை என்றார்கள். டெங்கு இல்லை, உண்ணிக் காய்ச்சல் இல்லை. காசநோயாக இருக்குமோ என்று சளி பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், இல்லை. சிறுநீரில் சீழ் இருக்கிறது, வயசான பொம்பளைகளுக்கு இருக்கும், அது பெரிதில்லை என்று ஒருவர் சொன்னார். கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள், ஒன்றும் வளரவில்லை. எப்படி வளரும்? வாரம் தவறாமல் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ரத்தத்தில் ஏதாவது இருக்குமோ என்று ஒருவர் பயமுறுத்தி, இடுப்பெலும்பில் ஊசி விட்டு உள்ளேயிருந்து எடுத்துப் பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். அவள் நகம் பட்ட தழும்பு இதோ இருக்கிறது. அப்போதும் நான் அகலவில்லை.

நான் என்ன செய்யவில்லை, சொல்லுங்கள். முப்பது வருட வில்லங்கம் பார்க்கிறவன் நான். எந்தச் சொத்தில் எந்தத் தலைமுறையில் என்ன மறைந்திருக்கிறது என்று தோண்டி எடுப்பேன். அம்மா உடம்பை விடுவேனா? நான்கு பக்கம் எழுதினேன். எந்தத் தேதியில் எத்தனை டிகிரி, எந்த மருந்து, எத்தனை வேளை, எல்லாம். மேலே பெயர், தகப்பனார் பெயர், கதவு எண். மதுரையில் ஒரு பெரிய டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “நாலு எல்லை மட்டும் விட்டுப்போச்சே” என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் படித்தார். அந்த நான்கு பக்கத்தில் அம்மாவின் கதை எங்கே தொடங்குகிறது என்றால், கண்புரை ஆபரேஷனில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. நாலு பிள்ளை பெற்றவள். அதில் ஒன்று நான். அதை எழுத எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். காய்ச்சலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அப்போது நினைத்திருப்பேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நீங்கள் எழுதுவீர்களா?

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒரு வேடிக்கை. அந்த ஆள் வயிற்றில் கூழைத் தடவிவிட்டு, சேலையை இன்னும் கொஞ்சம் கீழே தளர்த்தச் சொன்னார். அம்மா கொசுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை. “டாக்டர்தானம்மா, வெக்கப்படாத” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பயம் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் இன்னும் கிட்டப் போய் அவள் தலைமாட்டிலேயே நின்றேன், தைரியத்துக்கு. அந்த ஆள் பெருமூச்சு விட்டுக்கொண்டு தெரிந்தவரைக்கும் பார்த்து எழுதிக் கொடுத்தார்.

வீட்டிலும் இந்த ஏழு மாதம் நிம்மதியில்லை. அம்மா சோபாவில் உட்காருவதை விட்டுவிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலிதான், அதுவும் பின்கட்டு ஜன்னல் பக்கம். தன் சேலையைத் தானே துவைப்பேன் என்பாள். காய்ச்சல் விட்ட மறுநாளே வாளியைத் தூக்குவாள். இரண்டு வேளை குளியல். என் பழைய வேட்டிகளைக் கிழித்துக் கிழித்து வைத்துக்கொள்வாள். பிள்ளையார் கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். எனக்கு என்ன தோன்றும்? மாமியார் மருமகள் விவகாரம் என்று தோன்றியது. என் மனைவி வேணியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். ஒரு வயசான பொம்பளையைப் பின்கட்டுக்கு விரட்டிவிட்டாயே என்றேன். அவள் அழவில்லை. “அத்தைய ஒரு லேடி டாக்டர்ட்ட காட்டுங்க” என்றாள். காய்ச்சலுக்கு எதற்கு லேடி டாக்டர்? காய்ச்சலில் ஆண் காய்ச்சல், பெண் காய்ச்சல் இருக்கிறதா? அப்படித்தான் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள். நான் காது கொடுக்கவில்லை. சொல்கிறவள் விவரமாகச் சொல்லவேண்டாமா? அத்தை மேல் வாடை வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? இப்போது கேட்டால், “ஒங்கம்மாவப் பத்தி ஒங்ககிட்ட அதச் சொல்லிட்டு நான் இந்த வீட்ல இருக்கவா” என்கிறாள்.

அம்மாவும் ஒருதரம் திருப்பூரில் இருக்கிற என் தங்கச்சியை வரச்சொல் என்றாள். நான்தான் இருக்கிறேனே, அவளை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆவணியில் காய்ச்சல் ஐந்து நாளாகியும் இறங்கவில்லை. பேச்சு குழறியது. மூத்திரம் குறைந்துவிட்டது. இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். பெண்கள் வார்டு. ஆம்பிளைகளுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் அனுமதி, இரவு வேணி இருந்தாள். ஆனால் டாக்டர்கள் வருவது காலையில். அந்த நேரத்தில் நான் இல்லாவிட்டால் யார் விவரம் சொல்வது? வாசலில் நிற்கிறவரிடம் சண்டை போட்டேன். கேட்கவில்லை. மேலே போய் மனு எழுதிக் கொடுத்தேன். மனு எழுத எனக்குச் சொல்லித்தரவேண்டுமா? அனுமதி கொடுத்துவிட்டார்கள். காலை ஆறரைக்கு நான் கட்டில் பக்கத்தில் நிற்பேன். வேணியை டீ குடிக்க அனுப்பிவிடுவேன்.

மூன்றாம் நாள் ஒரு சின்ன டாக்டரம்மா வந்தது. என் மகளைவிட வயது குறைவு. கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். அம்மாவுக்கு அன்று கொஞ்சம் தெளிவிருந்தது. அந்தப் பெண் குனிந்து, “என்னம்மா செய்யுது” என்று கேட்டது. நான் மாசியிலிருந்து ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டது. பிறகு, “எங்கயாச்சும் வலிக்குதாம்மா” என்றது. இடுப்பு வலிக்கிறதென்று சொல்வார்கள் என்று நான் சொன்னேன். “ஒன்னுக்குப் போறப்ப எரிச்சல் இருக்கா?” அதெல்லாம் இல்லை என்றேன்.

அந்தப் பெண் நிமிர்ந்தது. “அய்யா, நான் பாட்டிட்ட கேட்டேன்.”

“அதுக்குச் சொல்லத் தெரியாது டாக்டர். நான்தான் கூடவே இருக்கேன்.”

அந்தப் பெண் பின்னால் நின்ற எஸ்தர் சிஸ்டரைப் பார்த்தது. எஸ்தர் சிஸ்டர் ஐம்பது வயதுப் பொம்பளை, நீங்கள் உள்ளே போனால் பார்ப்பீர்கள், கண்டிப்பானவள். என்னிடம் வந்து, ஆதார் கார்டு இரண்டு பிரதி ஜெராக்ஸ் உடனே வேண்டும் என்றாள். என்னிடம் ஐந்து பிரதி இருந்தது. தொழில் பழக்கம். எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இது இல்லை, ரேஷன் கார்டு, முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் என்றாள். அதுவும் இருந்தது. காப்பீட்டு அட்டை என்றாள். அதுவும் இருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். “பழைய ஸ்கேன் ரிப்போர்ட் ஜெராக்ஸ் இருக்கா?”

அது மட்டும் இல்லை.

“முழுசும் வேணும். ரெண்டு பிரதி. அது இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. கேட்டுக்கு வெளிய கடை இருக்கு, போங்க.”

போனேன். கடையில் கூட்டம். எனக்கு முன்னால் ஒன்பது பேர். வரிசையில் நின்றுகொண்டு கையிலிருந்த ரிப்போர்ட்டைப் படித்தேன். ஏற்கெனவே பத்து முறை படித்ததுதான். ஈரல் சரி, மண்ணீரல் சரி, பித்தப்பை சரி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு அது போதும். கடைசியில் ஒரு வரி இருந்தது. கீழ்வயிறு சரியாகத் தெரியவில்லை, ஒத்துழைப்பு இல்லை, மறுபடி பார்க்கவும் என்று. அந்த வரியை நான் அதுவரை பார்க்கவேயில்லை. ஒரு சர்வே எண்ணில் ஒரு உட்பிரிவு விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவன் நான். அதை எப்படித் தாண்டிப் போனேன்? டாக்டர்களும்தான் தாண்டிப் போனார்கள். அவர்களைக் கேட்பார் யார்? நான் யாரையும் விடவில்லை தம்பி, என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

திரும்பி வர முக்கால் மணி நேரம். கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்திருந்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். திரையை விலக்கப் போனேன், எஸ்தர் சிஸ்டர் கையை நீட்டி மறித்தாள். அப்போதுதான் கேட்டது. அம்மா பேசிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு, மூச்சு வாங்கி, ஆனால் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன வார்த்தை என்று தெரியவில்லை. அந்த ஏழு மாதத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதற்கு முன்னாலும் எப்போது கேட்டேன் என்று ஞாபகமில்லை.

பிறகு அந்தச் சின்ன டாக்டரம்மா வெளியே வந்து என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னது. கர்ப்பப்பை இறக்கம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள், கர்ப்பப்பை கீழே இறங்காமல் தாங்குவதற்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து எடுத்துக் கழுவி வைத்துக்கொள்ளவேண்டும். எட்டு வருடமாக எடுக்கவேயில்லை. உள்ளே புண்ணாகி, சீழ் பிடித்து, வளையத்தைச் சதை பாதி மூடியிருக்கிறது. அங்கிருந்துதான் ரத்தத்துக்கு ஏறியிருக்கிறது. ஒவ்வொரு தரமும் மருந்து கொடுக்கும்போது அடங்கி, மருந்து நின்றதும் கிளம்பியிருக்கிறது. “இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தீங்கன்னா கிட்னி போயிருக்கும்” என்றது. “விட்டிருந்தீங்கன்னா” என்று என்னைப் பார்த்துச் சொல்கிறது. விட்டவனா நான்?

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையிலிருந்த ஜெராக்ஸை நீட்டினேன். அந்தப் பெண் அதை என்னவென்றே தெரியாமல் பார்த்தது. “இது எதுக்குங்கய்யா?” என்று கேட்டது. எஸ்தர் சிஸ்டர் மருந்துத் தட்டில் எதையோ தேடுகிறமாதிரி திரும்பிக்கொண்டாள்.

யாருக்கும் வேண்டாத ஜெராக்ஸ். என்னிடம் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொந்தப் பிள்ளையை. இதோ, ஃபைலில் இன்னும் வைத்திருக்கிறேன், இரண்டு பிரதி. எனக்கு இது இன்னும் ஆறவில்லை. கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொன்னால் போகமாட்டேனா? போயிருக்கமாட்டேன் என்று வேணி சொல்கிறாள். இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

அன்றே மயக்கம் கொடுத்து வளையத்தை எடுத்தார்கள். பதினாறு நாள் ஊசி. பதினேழாம் நாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காய்ச்சல் அதற்குப் பிறகு வரவில்லை. தை பிறந்துவிட்டது, ஒருநாள்கூட இல்லை. புண் ஆறிவிட்டது. அம்மா இப்போது சோபாவில் உட்காருகிறாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறாள். அந்த நான்கு பக்கத்தை நான் கிழிக்கவில்லை, அலமாரியில் இருக்கிறது.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏம்மா, ஏழு மாதம் செத்துப் பிழைத்தாயே, எலும்பில் குத்தினார்களே, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? மூன்றாம் வகுப்பு படித்தவள்தானே, எழுதிக் காட்டியிருக்கக் கூடாதா?

“ஒங்கிட்ட எப்பிடிய்யா சொல்றது” என்றாள்.

சரி, என்னிடம் வேண்டாம். டாக்டரிடம்?

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலவநத்தம் ஊர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீ வெளிய போவ, போவன்னு பாத்தேன். நீ போகவே இல்ல தர்மு.”

அப்பா இருந்தபோது அவர்தான் அவளை அந்த வளையத்துக்குக் கூட்டிப்போவாராம். எனக்குத் தெரியாது. மூன்று தரம் போயிருக்கிறார்கள். அப்பா உள்ளேயே வரமாட்டாராம். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாராம். அவள் வந்ததும், என்ன சொன்னார்கள் என்றுகூடக் கேட்கமாட்டாராம், போவமா என்பாராம். அப்பாவை நான் அக்கறையில்லாத மனிதர் என்றே நினைத்து வளர்ந்தவன். அவர் போன பிறகு ஒருதரம் அம்மா என்னிடம் ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும் என்று சொன்னது ஞாபகம் வருகிறது. என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் என்றாள். சும்மா யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று நான் பத்திரத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டேன். எட்டு வருடம் அதோடு சரி.

நான் கெட்டவனா தம்பி? அப்படித் தோன்றவில்லை. கூடவே இருந்தேன். அதை யாரும் மறுக்க முடியாது. கூடவே இருந்ததில் என்ன தப்பு என்றுதான் எனக்கு வரிசையாக வைத்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போது பாருங்கள், முப்பது நிமிடம் தாண்டிவிட்டது. புது வளையம் வைத்து இது முதல் தரம் காட்ட வந்திருக்கிறோம். பத்து நிமிட வேலை என்றார்கள். வேணியையும் உள்ளே விட்டிருக்கிறார்கள். உங்களுக்குக் கேட்கிறதா? அது அம்மா சிரிப்புத்தான். ஆஸ்பத்திரியில் சிரிக்க என்ன இருக்கிறது? நீங்கள் கதவுக்குப் பக்கமாக இருக்கிறீர்கள், கொஞ்சம் காதைக் கொடுத்து... வேண்டாம். விடுங்கள்.

கதவு திறக்கிறது. அதுதான் எஸ்தர் சிஸ்டர்.

“முப்பத்தொண்ணுக்குக் கூட வந்தவங்க?”

நான்தான் சிஸ்டர்.

“அய்யா, இந்த ஓ.பி. சீட்ட ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துருங்க. அவசரமில்ல, மெதுவா வாங்க.”

பார்த்தீர்களா? காலையில் சீட்டு வாங்கினதும் நான் எடுத்த நாலு பிரதி இந்தப் பையில் இருக்கிறது. பையைப் பார்த்தாலே அவளுக்கும் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்கிறாள் பாருங்கள்.

சரி சிஸ்டர். போய்ட்டு வர்றேன்.

கடை கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்துக்குப் பக்கத்தில். அடுத்த கடை டீக்கடை. இந்த நேரத்தில் பேப்பர்கூடக் கிடக்கும். நாற்பத்தேழு வருவதற்கு நேரமாகும். வந்தாலும் உங்கள் அம்மாவுக்குத் தன் வயது தெரியும். உங்கள் மடியிலிருக்கிற ஃபைலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்களும் வாருங்கள் தம்பி.